முதல் பாடம் கவிழ்வது

துடுப்புப் படகு கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர் முதலில் கேட்பது துடுப்பை எப்படிப் பிடிப்பது என்றுதான். சொல்லித்தருபவர்களும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அந்த வரிசை தவறு. துடுப்பு கடைசியில் வரவேண்டிய பாடம். எந்தத் தண்ணீரில் இறங்குவது, உடம்பில் என்ன மாட்டிக்கொள்வது, படகு கவிழ்ந்தால் என்ன செய்வது ஆகிய மூன்றும் அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். நம் நாட்டு விபத்துகளைப் பார்த்தாலே காரணம் விளங்கும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போன 22 பேர் மூழ்கினார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். இந்த மூன்றிலும் படகில் இருந்தவர்கள் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஏற்ற வேண்டிய ஆட்களை மட்டும் ஏற்றிவிட்டிருந்தால் சாவு இவ்வளவு தூரம் போயிருக்காது. உயிர் போவதா நிற்பதா என்பதை முடிவு செய்தது கரையில் நடந்த வேலை, அல்லது நடக்காத வேலை.

'அவை பயணிகள் படகுகள், ஒருவர் இருவர் ஓட்டும் சின்னப் படகுக்கு அந்தக் கணக்கு எதற்கு' என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் கயாக், கனூ, மோட்டார் படகு எனப் பொழுதுபோக்குப் படகுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022 அறிக்கை என்ன சொல்கிறது? இறப்புக் காரணம் தெரிந்த படகு விபத்துகளில் 75 சதவீதம் பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 85 சதவீதம் பேர் ஜாக்கெட் அணியாதவர்கள். அதற்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளிலும் இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. படகு சிறிதாகச் சிறிதாக அது கவிழ்வது எளிதாகிறது என்பதால், சின்னப் படகுக்காரருக்கு இந்தக் கணக்கு கூடுதலாகவே பொருந்தும்.

ஆகவே முதல் வேலை தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது. திருப்பூர்க்காரர்களுக்கு இதுதான் கடினமான கட்டம், ஏனென்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நீர்நிலைகளில் பலவும் கற்க உகந்தவை அல்ல. ஊருக்கு நடுவே ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்வோம். பூஜ்ய கழிவு வெளியேற்றம் வரும்வரை சாயப்பட்டறைகள் இயங்கக்கூடாது என்று 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு சாயக்கழிவு குறைந்தது உண்மை. ஆனால் ஊர்ச் சாக்கடை இன்னும் அதில்தான் கலக்கிறது, கவிழும்போது அந்தத் தண்ணீர்தான் வாய்க்குள் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து தடுப்பணைகள். மூன்றடி உயரத் தடுப்பணைக்கு மேலே நீர் வழுவழுவென்று அமைதியாகத் தெரியும். கீழே விழும் நீரோ சுருண்டு திரும்பி அணையை நோக்கியே இழுக்கும், உள்ளே மாட்டிய ஆளையும் படகையும் அதே இடத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும். நல்ல ஜாக்கெட் போட்டவரும் அங்கிருந்து தானாக வெளியே வருவது அரிது. பாலத்தடிக் குழாய்கள், வெள்ளத்தில் வந்து சிக்கிய சீமைக்கருவேல முட்கிளைகள் இவையும் அதே ரகம்: தண்ணீர் நுழைந்து போகும், மனிதர் நுழைய முடியாது, பின்னாலிருந்து வரும் நீர் அவரைக் கிளையோடு வைத்து அழுத்தும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இது தெரியாததால்தான் முழங்கால் ஆழ ஓட்டத்தை நம்புகிறோம்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலும் கீழ்பவானி வாய்க்காலும் பார்வைக்குப் படகு ஓட்டச் செய்து வைத்தவை போல நேராக ஓடும். இறங்கவே கூடாது. கான்கிரீட் போட்ட பகுதிகளில் இரு பக்கமும் சரிவு, சரிவெல்லாம் பாசி. விழுந்தவர் கரையைத் தொட்டுவிட்டாலும் ஏறுவதற்குக் கைப்பிடி கிடையாது. மதகும் சைஃபனும் எங்கே வரும் என்று மேலிருந்து தெரியாது. அமராவதி அணை நீர்த்தேக்கத்தில் சதுப்பு முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன, பக்கத்திலேயே 1975 முதல் முதலைப் பண்ணை நடக்கிறது. கவிழ்ந்து கவிழ்ந்து பழக வேண்டியவருக்கு அது இடமல்ல. நஞ்சராயன் குளம் மாநிலத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயம், 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே படகை இறக்குவது சட்டப்படியும் தவறு, கூடு கட்டும் பறவைகளுக்கும் தொல்லை.

மிஞ்சுவது என்ன? முதலில் நீச்சல் குளம். கட்டணம் கட்டி, ஆள் குறைவான நேரத்தில் அனுமதி கேட்டு வாங்கினால், கற்க வேண்டியதில் முக்கியமான பாதியை அங்கேயே முடித்துவிடலாம். அதன்பின் படகுத்துறையும் மீட்பு ஆட்களும் உள்ள ஏரிகள். கோவை வாலாங்குளம், உதகை ஏரி போன்றவை அந்த வகை, நிர்வாகத்தின் அனுமதி கேட்டுத்தான் சொந்தப் படகை இறக்கலாம். முறையான பயிற்சிக்குச் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் ஒரு வார இறுதி போய்வருவது செலவுதான், ஆனால் அந்தச் செலவு வீண் அல்ல. ஊர்க் குளத்தில்தான் பழகுவேன் என்பவர், நீர்வளத் துறையோ உள்ளாட்சியோ அனுமதித்திருந்தாலும், கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போது ஒரு தடவை அதன் அடிப்பரப்பை நடந்து பார்த்துவிட வேண்டும். 'நாலடித் தண்ணீர், இதில் என்ன மூழ்குவது' என்ற பேச்சுக்கு அந்த நடையே பதில் சொல்லிவிடும். விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள 2017-இல் அரசு அனுமதித்த பிறகு பல குளங்களின் அடியில் லாரி இறங்கும் அளவுக்குக் குழிகள் விழுந்துள்ளன. நாலடியில் நின்றவர் அடுத்த எட்டில் பன்னிரண்டடிக்குள் போவார். வறண்ட ஆண்டுகளில் முளைத்த சீமைக்கருவேலம் நீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாத முள்வேலியாகிவிடும். ஆகாயத்தாமரை மண்டிய பக்கமும் மீன் வலை கட்டிய பக்கமும் போகவே வேண்டாம்.

காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, படகு பழகுபவருக்கு எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆடியில் உச்சமாக, மேற்கிலிருந்து அது வீசும்போது வெறும் படகு நீந்துபவரைவிட வேகமாக ஓடும். கவிழ்ந்தவர் ஒரு கணம் கையை விட்டால் படகு அவருக்குக் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்று அடங்கியிருக்கும், கற்க அதுவே ஏற்ற காலம். எந்த மாதமானாலும் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. காற்றுக் காலத்தில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் கிழக்குக் கரையிலிருந்து இறங்கி முதலில் மேற்கே, காற்றை எதிர்த்து ஓட்ட வேண்டும். கை சோர்ந்து திரும்பும்போது காற்று தள்ளிக்கொடுக்கும், கவிழ்ந்தாலும் புறப்பட்ட கரைக்கே ஒதுக்கும். காற்றோடு போய்விட்டு எதிர்காற்றில் திரும்ப முடியாமல் நடுக்குளத்தில் நிற்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தால், இடிச் சத்தம் கேட்கும்வரை காத்திராமல் கரையேறிவிட வேண்டும்.

இனி ஜாக்கெட். இதைத் தேர்ந்தெடுப்பதில் திருப்பூருக்கு ஒரு வசதி உண்டு. இது கடைசியில் தைத்த உடுப்பு, உடுப்பைப் பார்த்துக் குறை சொல்வது இந்த ஊருக்குத் தெரிந்த தொழில். செக்கிங் டேபிளில் ஒரு பீஸைப் புரட்டுவது போலவே இதையும் புரட்ட வேண்டும். தோள் பட்டையும் இடுப்பு நாடாவும் உடலோடு சேரும் இடங்களில் குறுக்குத் தையல் அழுத்தமாக இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா, வெயிலில் நிறம் வெளுத்த நைலான் விரல் நகத்தில் சுரண்டினால் பொடியாகிறதா, பக்கிள் 'டக்'கென்று பூட்டிக்கொள்கிறதா, உள்ளே இருக்கும் ஃபோம் அழுத்தினால் திரும்பி எழுகிறதா அல்லது அப்பளமாகக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோமின் காற்றறைகள் நசுங்கிப் போயிருந்தால் வெளியே எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அது மிதக்க உதவாது. லேபிளில் மிதப்புவிசை நியூட்டன் கணக்கில் இருக்கும். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்து, சுயநினைவோடு, கரைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு. 100 நியூட்டனும் அதற்கு மேலும் நீந்தத் தெரியாதவருக்கு. இவை ஐ.எஸ்.ஓ. 12402 தர வரிசையின் அளவுகள். உடல் எடை வரம்பும் அதே லேபிளில் இருக்கும். எடை குறிக்காத, லேபிளே இல்லாத ஆரஞ்சு ஜாக்கெட்டை வாங்காதீர்கள். மாட்டி எல்லா நாடாக்களையும் இறுக்கிய பின் ஒருவரை விட்டுத் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. பிள்ளைகளுக்குத் தொடைகளுக்கு இடையே வரும் நாடா கட்டாயம், இல்லையென்றால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவிவிடும்.

கொங்கு நாட்டில் இதற்கு வரும் பதில் எல்லோருக்கும் தெரிந்தது: 'கிணத்துல குதிச்சு நீச்சல் பழகுனவனுக்கு இதெல்லாம் எதுக்குங்க?' கிணற்று நீச்சல் பெருமைக்குரிய திறமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் சில கையடியில் சுவரோ படியோ கைக்கு வந்துவிடும். காற்று இல்லை, அலை இல்லை, ஓட்டம் இல்லை. குதிப்பவர் மூச்சை நிறைத்துக்கொண்டு தானே விரும்பிக் குதிக்கிறார். கவிழ்ந்தவர் எதிர்பாராமல், மூச்சு வெளியேறியிருக்கும் நேரத்தில், ஒருவேளை தலையில் படகு இடித்த நிலையில், கரைக்கு இருநூறு மீட்டர் தள்ளி விழுகிறார். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் ஜாக்கெட் நிரப்புகிறது. புழுக்கம் என்பது இன்னொரு முறையீடு. அதில் நியாயம் உண்டு, அதனால்தான் அதிகாலை நேரம். வெக்கை தாங்கவில்லையென்றால் ஒரு முறை நீரில் முங்கி எழலாம், நாடாவைத் தளர்த்தக்கூடாது. ஜாக்கெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு 'தேவைப்பட்டால் மாட்டிக்கொள்வேன்' என்பவருக்கு, தேவைப்படும் நேரத்தில் அது எட்டாத தூரத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

உடையைப் பொறுத்தவரை ஊருக்குச் சோறு போடும் பருத்தி பனியனை இந்த ஒரு வேலைக்கு வீட்டில் விட்டுவிடலாம். ஈரப் பருத்தி ஆளை அடியில் இழுத்துவிடும் என்று சொல்வது மிகை. நீருக்குள் இருக்கும்வரை அதிலுள்ள நீருக்குத் தனி எடை இல்லை. தொல்லை வெளியே ஏறும்போது வருகிறது: நனைந்த ஜீன்ஸும் தடித்த டி-சர்ட்டும் படகுக்குள் உந்தி ஏறுபவரைக் கீழே இழுக்கும், பிறகு காற்றில் மணிக்கணக்காய் உலராமல் குளிரெடுக்கச் செய்யும். விளையாட்டு உடுப்புக்காக இங்கேயே பின்னப்படும் மெல்லிய பாலியெஸ்டர் அரைக்கை போதும். வேட்டி, லுங்கி, துப்பட்டா காலில் சுற்றும், வேண்டாம். பின்பட்டை உள்ள செருப்போ பழைய ஷூவோ இருக்கட்டும், குளத்தடியில் உடைந்த பாட்டில்கள் கிடக்கும்.

இப்போது கவிழ்வதற்கு வருவோம். நீச்சல் குளத்தில், இடுப்பளவு நீரில், ஒருவர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே படகைச் சாய்த்து விழ வேண்டும். விழும்போது ஒரு கை தலைக்கு மேலே, எழும்பும்போது படகில் மண்டை இடிக்காமலிருக்க. மறு கை படகின் விளிம்பை விடக்கூடாது. வெளியே வந்ததும் படகைப் பிடித்தபடியே மூச்சை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, துடுப்பைத் தேடி எடுத்து, காலால் உதைத்துப் படகைக் கரைக்குத் தள்ளிப் பழக வேண்டும். நீர் நிறைந்தாலும் நல்ல படகு மிதக்கும், முனைகளில் காற்றறையோ ஃபோமோ வைத்திருப்பதே அதற்காகத்தான். அது இல்லாத படகை வாங்க வேண்டாம். பிறகு ஆழமான பக்கத்தில் அதையே செய்ய வேண்டும். பிறகு இரண்டு படகு முறை: உதவும் படகு, கவிழ்ந்த படகுக்குக் குறுக்காக, 'டி' வடிவில் நின்று, அதன் முனையைத் தன்மேல் இழுத்து நீரை வடித்து, நிமிர்த்தி, பக்கத்தில் இணையாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, விழுந்தவர் காலை உதைத்து வயிறு படும்படி உள்ளே சரிந்து ஏறுவார். பயம் போய், யாரும் சொல்லாமலே கை படகு விளிம்பைத் தேடிப் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 'கவிழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டால் போதாதா, கவிழ்வதை ஏன் பழக வேண்டும்' என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. விழப் பயப்படுபவர் உடம்பை விறைத்துக்கொண்டு, விளிம்பை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிராகத் திடீரென்று தூக்கிப்போடுவார். படகு கவிழ்வது பெரும்பாலும் அந்த உதறலில்தான். விழுந்து பழகியவரின் இடுப்பு தளர்வாக இருக்கும், படகு ஆடினால் கூடவே ஆடும்.

இவ்வளவும் ஆன பிறகு துடுப்பு கைக்கு வரட்டும், அது அவ்வளவு பெரிய வித்தையும் அல்ல. படகைப் பாதி மண்ணில் வைத்துக்கொண்டு ஏறக்கூடாது, முழுக்க மிதக்கும்படி கரைக்கு இணையாக நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, குனிந்தபடி நடுக்கோட்டில் கால் வைத்து ஏற வேண்டும். தொடக்கத்தில் இருக்கையில் உட்காராமல் மண்டியிடுவது நல்லது, எடை தாழ்ந்தால் படகு நிலைக்கும். நின்றால் தாடைவரை வரும் துடுப்பு ஏறக்குறைய சரியான அளவு. ஒரு கை கைப்பிடியின் உச்சியில், மறு கை தோள் அகலத்துக்குக் கீழே. துடுப்பின் அலகை முழங்காலுக்கு முன்னால் நெட்டுக்குத்தாக நீரில் முழுக இறக்கி, இடுப்பை முறுக்கிப் பின்னிழுத்து, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். கையால் மட்டும் இழுப்பவருக்குக் கால் மணியில் தோள் கடுக்கும். ஒரு பக்கமே போட்டால் படகு மறுபக்கம் திரும்பும். அதைச் சரிசெய்ய இழுப்பின் முடிவில் மேல்கைக் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பி, அலகால் நீரை வெளிப்பக்கம் லேசாகத் தள்ள வேண்டும். திரும்புவதற்கு அகன்ற அரைவட்டம், பக்கவாட்டில் நகர்வதற்கு அலகைத் தூரத்தில் வைத்துத் தன்பக்கம் இழுப்பது, நிற்பதற்குப் பின்னோக்கிய இழுப்பு. படகு சாயும்போது அலகின் தட்டைப் பக்கத்தால் நீரை அறைந்து தாங்கிக்கொள்வதை மட்டும் தனியாகப் பழகுங்கள், மற்றவை ஓட்ட ஓட்டக் கைக்கு வந்துவிடும்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களின் முன்னோர் ஜாக்கெட்டா போட்டார்கள் என்ற கேள்வி எப்படியும் வரும். காவிரியின் அந்த ஒரு துண்டை அவர்கள் சிறு வயதிலிருந்து அறிவார்கள், எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு அந்த அறிவு கடனாகக் கிடைக்காது. அங்கேயே இன்று ஜாக்கெட் இல்லாமல் பயணிகளை ஏற்றக்கூடாது என்பது விதி, நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையே நிறுத்திவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக அனுபவம் உள்ள இடத்தில் அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விடுப்பில் வரும் நமக்கு அதைவிடக் குறைவாக எப்படி இருக்க முடியும்? ஓடும் நீரில் போக ஆசை என்றால் குளத்தில் ஒரு பருவம் முடித்து, அந்த ஆற்றைத் தெரிந்தவரோடு போங்கள். அங்கே கவிழ்ந்தால் படகுக்கு மேல்நீர்ப் பக்கமே இருக்க வேண்டும், நீர் நிறைந்த படகு அரை டன்னுக்குக் குறையாது, பாறைக்கும் அதற்கும் இடையில் அகப்பட்டவர் தப்புவது கடினம். ஓட்டத்தில் எழுந்து நிற்காமல் மல்லாந்து, கால்களை உயர்த்தி முன்னே நீட்டி மிதந்து, வேகம் குறையும் இடத்தில் கரைக்குத் திரும்ப வேண்டும். நிற்க முயன்றால் கல்லிடுக்கில் பாதம் சிக்கும், மேலே வரும் நீர் ஆளை மடக்கிவிடும்.

தனியாகப் போவது கூடாது, மூன்று படகாவது வேண்டும். மது குடித்தவரை ஏற்றக்கூடாது, அவர் முதலாளியானாலும் மாமன் மச்சானானாலும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவருக்குச் சொல்லி, கைப்பேசியை நீர்புகாத உறையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பதினைந்து மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று கரையில் இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் கம்பு நீட்டுவது, கயிறு எறிவது, படகில் போவது என்பதே வரிசை. நீரில் குதித்துப் பிடிக்கப் போனவர் சேர்ந்து மூழ்குவது நம் ஊர்ச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. மூச்சு நின்ற ஒருவரைக் கரையேற்றினால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் காலைப் பிடித்துச் சுழற்றுவதும் நேரத்தை வீணாக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போகவும் வழி செய்யும். மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து முதலில் வாய்வழி மூச்சு கொடுக்க வேண்டும், பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறிமாறி. இன்னொருவர் அதற்குள் 108-க்கு அழைத்திருக்க வேண்டும், ஆள் இன்னும் நீரில் இருந்தால் தீயணைப்பு மீட்புக்கு 101. எழுந்து உட்கார்ந்து 'ஒண்ணுமில்லைங்க' என்று சொன்னாலும், தண்ணீர் மூச்சுக்குள் போய் இருமியவரை அன்றே மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வருவதுண்டு.